கடனாளியும் இராஜாங்க இரகசியமும்

இராஜாங்க இரகசியங்களைக் காக்கும் பொறுப்பில் ஒருவனை நியமிக்கு முன்னர், அவனுடைய குணத்தையும் நடத்தையையும் சர்க்கார் விசாரிப்பது வழக்கம். அவன் பட்ட கடனையும் விசாரிக்க வேண்டுமோ என்று கேட்பார் உளர். வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும், கடனின் தொகையைக் கண்டு, அது வந்த வழியைக் காணாது விடுவது நியாயமாகாது.

திருத்தணிகை வாலிபர்களுக்கு இது வெறும் ஏட்டு வாதமன்று. மலைக்கு அருகிலுள்ள அரக்கோணத்தில், 1992-ல் தொடங்கப்பெற்ற ராஜாளி கடற்படை விமானத் தளம் இருக்கிறது. அதற்கடுத்த தக்கோலத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி நிலையம் இருக்கிறது. இத்தகைய உத்தியோகங்களை நாடுவோரில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பொதட்டூர்ப்பேட்டையில் நூல் விலை ஏறினால் தறிக்காரன் கடன்படுகிறான். மழை பொய்த்தால் உழவன் கடன்படுகிறான். ஏழையின் கடன் பெரும்பாலும் ஆடம்பரத்தால் வந்ததன்று.

சர்க்காரின் ஐயமும் ஆதாரமற்றதன்று. அமெரிக்க உளவு ஸ்தாபனமாகிய சி.ஐ.ஏ.யின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், கடன் தொல்லையில் சிக்கி, 1985-ல் வாஷிங்டன் சோவியத் தூதராலயத்தை அணுகி, 50,000 டாலருக்கு இரகசியங்களை விற்கத் தலைப்பட்டான். 1994-ல் அவன் பிடிபடுவதற்குள், அவனால் காட்டிக்கொடுக்கப்பட்ட பலர் உயிரிழந்தனர். ஆயினும் அந்நாட்டார் கடனாளிகள் அனைவரையும் ஒரே தட்டில் நிறுக்கவில்லை. வேலை இழப்பு, நோய் முதலியவற்றால் கடன்பட்டு, அதைத் தீர்க்க உண்மையாக முயல்பவனுக்கு அவர்களுடைய விதிகள் இடந்தருகின்றன.

நம் நாட்டிலோ, மத்திய சர்க்கார் ஊழியர்களின் 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் 17-வது விதி, ஊழியன் ஓயாத கடனுக்கும் திவாலுக்கும் ஆளாகாதபடி தன் காரியங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. கடன் வசூலுக்காக வழக்கு வந்தால் உடனே அவன் தெரிவிக்க வேண்டும். கடன் ஊதாரித்தனத்தால் வந்ததன்று, தன் சக்திக்கு மீறிய காரணத்தால் வந்தது என்று நிரூபிக்கும் சுமையும் அவன் தலைமேலேயே உளது. தாயின் வைத்தியத்துக்காகக் கந்துவட்டிக்கு வாங்கியவனிடம் ரசீது ஏது?

பாங்கி உத்தியோகத்தில் இக்கண்டிப்பு இன்னும் மேலே செல்கிறது. கடன் தவணை தவறிய பதிவு இருந்தமையால் ஸ்டேட் பாங்கி ஒருவருடைய நியமனத்தை ரத்துச் செய்தது. கடனை அடைத்துவிட்டேன் என்று அவர் வாதித்தும், 2025-ல் சென்னை ஹைகோர்ட் பாங்கியின் முடிவையே ஊர்ஜிதம் செய்தது. பொதுமக்களின் பணத்தைக் கையாள்வோரிடம் ஒழுங்கு வேண்டும் என்பதை யாரும் மறுக்கார். ஆனால் ஒன்று யோசியுங்கள். பார்லிமெண்டிலோ சட்டசபையிலோ அமர்பவரை, கோர்ட்டார் திவாலானவர் என்று தீர்மானித்து, அத்தீர்மானம் நீங்காதிருந்தால் மாத்திரமே அரசியல் சட்டத்தின் 102, 191-வது ஷரத்துகள் கடனுக்காக விலக்குகின்றன. குமாஸ்தாவுக்கோ தனியார் கம்பெனி ஒன்றின் பதிவேடே போதுமாகிறது. சட்டம் இயற்றுபவருக்கு ஒரு தராசு, ஏழை உத்தியோகஸ்தனுக்கு வேறொரு தராசா?

ஆகவே நாம் கோருவது இதுதான்: கடனுக்காக ஒருவனை விலக்குமுன் அதன் காரணத்தைக் கேட்டு, அவனுடைய பதிலையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். வாலிபர்களும் தங்கள் கடமையை மறக்கலாகாது. வருஷம் ஒரு முறை தங்கள் கடன் பதிவைக் கட்டணமின்றிப் பெறலாம். தவறு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாட்களில் அது தீராவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு கோரும் உரிமை 2024 முதல் உண்டு. அடைத்த கடனுக்கு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விசாரணையில் எதையும் ஒளியாதீர்கள். ஒளித்த கடனே பகைவன் கையில் ஆயுதமாகிறது. வெளிப்படச் சொல்லிய கடனைக் காட்டி ஒருவனை யாராலும் மிரட்ட முடியாது.