என்பும் தசையும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் ஊர் உளது. அதனை அடுத்துப் பரந்து கிடக்கும் ஏரி, இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்துப் பெரியது. அதன் கரைக் குப்பங்களில் வாழ்வோர் பலர்க்கு மீன்பிடித்தலே தொழில். ஏரி ஆழம் குறைந்தது. ஆதலின், ஒருவர் மூங்கிற் கழியை ஊன்றிப் படகைத் தள்ளுவார். மற்றொருவர் இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலையை விரித்தெறிவார். இருளர் இன மக்களோ வலையும் இன்றி, நீரில் இறங்கிச் சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிப்பர். இச்செயல்கள் அனைத்தையும் இயற்றுவன என்பும் தசையுமே. அவை தொழிற்படும் முறையை ஈண்டு அறிவோமாக.

வலையில் அகப்பட்டவற்றையே முதற்கண் நோக்குவோம். இறாலுக்கும் நண்டுக்கும் உடலினுள் எலும்பு இல்லை. மேலோடே அவற்றின் சட்டகம். அவ்வோடு உடலோடு சேர்ந்து வளராது. ஆதலின், அவை வளருந்தோறும் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியது பெறுகின்றன. புதிய ஓடு இறுகும்வரை அவற்றிற்குக் காப்பில்லை. சுறாவுக்கும் திருக்கைக்கும் உட்சட்டகம் உண்டு; ஆயினும் அது குருத்தெலும்பால் ஆயது. மடவை முதலிய மீன்களும் மனிதராகிய நாமும் வன்மை மிக்க எலும்பாலாய உட்சட்டகம் உடையோம். அஃது உடலோடு தானும் வளர்வது, கழற்ற வேண்டாதது.

வளர்ந்த மனிதனது உடலில் 206 எலும்புகள் உள்ளன. ஒவ்வொரு கையின் மணிக்கட்டு முதல் விரல்நுனி வரையில் மட்டும் 27 எலும்புகள் அமைந்துள்ளன. மண்டையோடு மூளையையும், விலா எலும்புகள் இதயத்தையும் நுரையீரலையும் காக்கின்றன. எலும்பு வெறுங் கல் போன்றது எனக் கருதற்க. அஃது உயிருள்ளது; அதன் செம்மச்சையிலே குருதியணுக்கள் பிறக்கின்றன. கோழியின் எலும்பு ஒன்றைக் காடியில் சில நாள் ஊறவிடின், அது வளையத் தொடங்கும். சுண்ணப்பொருள் கரைந்து நார்ப்பொருள் எஞ்சுவதே காரணம். மற்றொன்றை நெருப்பிலிட்டு நன்கு சுடின், தொட்ட அளவிலே நொறுங்கும். நார்ப்பொருள் எரிந்து சுண்ணப்பொருள் எஞ்சுவதே காரணம். உறுதியும் நெகிழ்வும் கூடியதே எலும்பு என்பது இதனால் விளங்கும்.

எலும்புகள் கூடும் இடம் மூட்டு. தோளில் உள்ளது பந்துக் கிண்ண மூட்டு. ஆதலால் வலைவீசுவோர் கையைப் பல பக்கங்களிலும் சுழற்ற இயலுகிறது. முழங்கையில் உள்ளது கீல் மூட்டு. அது கதவினைப் போல மடங்கி விரியும். இம்மூட்டுகளில் எலும்புகளின் முனைகளைக் குருத்தெலும்பு போர்த்திருக்கிறது. இடையே ஊறும் வழுவழுப்பான நீர், வண்டியின் அச்சுக்கு இடும் எண்ணெய் போல உராய்வைக் குறைக்கிறது.

எனினும், எலும்பு தானே அசையாது. அதனை அசைப்பது தசை. அறுநூற்றுக்கு மேற்பட்ட தசைகள் தசைநாண்களால் எலும்புகளோடு பிணைந்துள்ளன. தசையினுள் மெல்லிய இழைகளும் தடித்த இழைகளும் அடுக்கடுக்காய் அமைந்திருக்கின்றன. நரம்பின் ஆணை வந்ததும் அவை ஒன்றனிடையே ஒன்று வழுக்கிச் செல்ல, தசை குறுகுகிறது. ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் முதலிய அறிஞர்கள் இவ்வுண்மையை 1954ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

தசைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. அங்ஙனமாயின், கழியை ஊன்றிப் படகைத் தள்ளுவது எவ்வாறு? மேற்கையின் முன்புறத்தில் இருதலைத் தசையும் பின்புறத்தில் முத்தலைத் தசையும் உள்ளன. முன்னது குறுகினால் முழங்கை மடங்கும். பின்னது குறுகினால் நீளும். கை தள்ளும்பொழுதும் பின்புறத் தசை இழுக்கவே செய்கிறது. ஒன்று குறுகும்போது மற்றொன்று தளர்ந்து இடந்தருகிறது. பழவேற்காட்டு மீனவர்களிடையே ‘பாடு’ என்றொரு முறை வழங்குகிறது. நல்ல மீன் கிடைக்கும் இடங்களில் இன்னார்க்கு இன்ன நாள் என வகுத்துக்கொண்டு வலையிடுவர். ஒருவர் முறையில் மற்றவர் விலகி நிற்பர். தசைகளின் ஒழுங்கும் அத்தகையதே அன்றோ?

முன்கை ஒரு நெம்புகோல். முழங்கை அதன் தானம், சுமை உள்ளங்கையில், இருதலைத் தசை பற்றியிருப்பதோ முழங்கைக்குச் சில விரற்கடை அண்மையில். ஆதலின், கையை மடக்கி 5 கிலோ மீனை ஏந்தினால், அத்தசை அதைப் போல் ஏழெட்டு மடங்கு விசையோடு இழுத்தல் வேண்டும். முதுகின் நிலையும் இதுவே. இடுப்பை வளைத்து மீன்கூடையைத் தூக்குவோரது கீழ்முதுகின்மேல் கூடையின் எடையினும் பன்மடங்கு பளு வீழ்கிறது. நாளடைவில் நோவு தோன்றுகிறது. உழைத்து உண்பார்க்கு முதுகு கெடின் வாழ்வு கெடும். ஆகையால், முழங்கால்களை மடக்கி அமர்ந்து, சுமையை உடலோடு அணைத்து, தொடைத் தசைகளின் வலியால் எழுதலே முறை. நெடுநேரம் குனிந்து உழைப்போர் இடையிடையே நிமிர்ந்து இளைப்பாறல் வேண்டும்.

மிகையான பளு தீங்காதல் போலவே, பளுவே இன்மையும் தீங்காம். ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்திகள் விண்ணிற் செல்லுதலைக் குப்பத்து மக்கள் காண்கின்றனர். விண்வெளியில் மிதந்து வாழும் வீரர்க்குச் சுமப்பதற்கு உடலின் எடையும் இல்லை. அதனால் எலும்பு தேய்கிறது, தசை மெலிகிறது. இதனைத் தடுக்க அவர்கள் நாள்தோறும் ஏறத்தாழ 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர்.

மாணவர்களே! வளரும் பருவம் எலும்புக்கு உரம் சேர்க்கும் பருவம். பால், கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவை சுண்ணச் சத்து நல்கும். வெயில் அச்சத்து உடலிற் சேரத் துணைபுரியும். நாள்தோறும் ஓடியாடுங்கள், நிமிர்ந்து அமருங்கள், முறையறிந்து சுமையெடுங்கள், இரவில் நன்கு உறங்குங்கள். குனிந்து கூடை தூக்கும் பெற்றோர்க்கும் இம்முறையை எடுத்துரையுங்கள். கற்ற கல்வி வீட்டிற்குப் பயன்படுதலே அதன் சிறப்பாகும்.