ஒரு தொடுதலில் 25,000 வோல்ட்! தெரியுமா?

பாறசாலை ஸ்டேஷனில் ரயில் இன்ஜினுக்கு மேலே ஓடும் செம்புக் கம்பியில் எத்தனை வோல்ட் தெரியுமா? 25,000! நம் வீட்டுக்கு வருவது வெறும் 230!

கம்பியின் மின்சாரம் இன்ஜினுக்குள் எப்படி இறங்குகிறது? பிளக்கா? சாக்கெட்டா? ரெண்டும் இல்லை! கூரைமேல் நிமிர்ந்து நிற்கும் பான்டோகிராஃபின் கரிப்பட்டை கம்பியை உரசுகிறது, அவ்வளவுதான்! 6,350 குதிரைத்திறன் டபிள்யூஏபி-7 இன்ஜின் முழு மூச்சில் இழுத்தால், அந்த உரசல் வழியே சுமார் 200 ஆம்பியர் பாயும்! அதுவும் ஓடுகிற ஓட்டத்தில்!

கம்பி நேராகப் போகிறது என்றா நினைத்தீர்கள்? நேர்ப்பாதையில்கூட நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் 20 செ.மீ., வலப்பக்கம் 20 செ.மீ. என்று மாறி மாறி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்! ஏன்? ஒரே இடத்தில் உரசினால் கரிப்பட்டையில் பள்ளம் விழுந்துவிடும்!

நெய்யாற்றின்கரை வீடுகளுக்குக் கேரள மின்வாரியம், களியக்காவிளை தாண்டினால் தமிழ்நாட்டு வாரியம். ரயில்வே கம்பி மட்டும் எல்லையைக் கண்டுகொள்ளாமல் குழித்துறைக்குப் போகிறது!

வீட்டுக்குள்ளும் எல்லாம் தொடுதல்தான்! பழைய ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்ததுண்டா? (மெயினை அணைத்துவிட்டுத்தான்!) பித்தளைத் தகட்டின் நுனியில் கடுகளவு பொட்டு ஒன்று இருக்கும். அது என்ன? நல்ல ஸ்விட்ச் என்றால் வெள்ளிக் கலவை! ஸ்விட்சைப் போட்டால் அதுவும் எதிரே உள்ள பொட்டும் முழுசாக ஒட்டியிருப்பதாகத் தோன்றும். நிஜத்தில் தொடுவது கண்ணுக்குத் தெரியாத சில புள்ளிகளில் மட்டுமே! மிக்ஸி, கிரைண்டர், அயர்ன்பாக்ஸ் எல்லாம் ஓடுவது அந்தப் புள்ளிகளின் புண்ணியத்தில்! அவை குறைந்தால்? சூடேறும், கருகும். எலக்ட்ரீஷியன் வந்து 'லூஸ் காண்டாக்ட்' என்பார்!

ஸ்விட்சை அணைக்கையில் தெறிக்கும் பொறியின் வெப்பம்? ஆயிரக்கணக்கான டிகிரி! அப்புறம் எப்படி அணைகிறது? நம் ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. பொறியும் கூடவே அடங்குகிறது! டி.சி.யில் அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் 250 வோல்ட் ஏ.சி. தாங்கும் சின்ன ரிலேயின் (மின்சாரமே இயக்கும் ஸ்விட்ச்) முதுகில், டி.சி. என்றால் 30 வோல்ட்தான் என்று அச்சிட்டிருக்கும்! சோலார் பேனல் தருவதும் டி.சி.தான்; வைத்தவர்களே, கவனம்!

ரயில் சிக்னல் ரிலேயில் உலோகமும் உலோகமும் உருகி ஒட்டிக்கொண்டால்? சிவப்பு விழவேண்டிய நேரத்தில் பச்சை! அதைத் தடுக்க என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கரி! கரியோடு வெள்ளி பற்றாது!

1947 செப்டம்பர் 9. ஹார்வர்டின் மார்க் 2 கணினி தடுமாறியது. காரணம்? 70ஆம் எண் ரிலேயில் சிக்கிய ஓர் அந்துப்பூச்சி! அதை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டிவைத்தார்கள். இங்கே கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் எத்தனை பல்லி, எத்தனை எறும்பு! யார் ஒட்டிவைத்தார்கள்?