பாங்கி உலையும் மாலை மழையும்: ஓர் எண் கணக்கு

மலேசியாவின் ஒரே அணு உலை பாங்கியில், மலேசிய அணுசக்தி முகமையின் வளாகத்தில் இருக்கிறது. திரிகா புஸ்பாத்தி என்று பெயர். 1982 ஜூன் 28இல் முதன்முதலாக அதில் தொடர்வினை நிலைபெற்றது. வெப்பத்திறன் 1 மெகாவாட். கூடங்குளத்து உலை ஒன்றின் வெப்பத்திறன் சுமார் 3,000 மெகாவாட். பாங்கி உலை மின்சாரம் தயாரிப்பதில்லை. ஆய்வுக்கும் பயிற்சிக்கும் மட்டுமே.

சிறிய உலைதான். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 25 கி.மீ., கிள்ளான் சுமார் 40 கி.மீ. இத்தனை மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் கதிர்வீச்சுக் கணக்கு தினமும் எழுதப்பட வேண்டும். பொதுமக்களுக்கான வரம்பு, இயற்கைக் கதிர்வீச்சு போக, ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட், ஊழியர்களுக்கு 20.

இவ்வகை உலையிலிருந்து வழக்கமாக வெளியேறும் வாயு ஆர்கான்-41. காற்றிலேயே இருக்கும் ஆர்கான் நியூட்ரான் பட்டு இப்படி மாறுகிறது. அரையாயுள் சுமார் 110 நிமிடம். காற்று விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வீசினால் வந்து சேர மூன்றரை மணி நேரமாகும். அதற்குள் ஏறத்தாழ முக்கால் பங்கு சிதைந்துவிடும். மிச்சமும் பரவி மெலிந்துவிடும். வேகமும் திசையும் தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. காற்றுமானி அங்கே அலங்காரத்துக்கு நிற்பதில்லை.

மழைக் கணக்கு இன்னும் முக்கியம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை எல்லாருக்கும் பழக்கம். மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகிறது. மழை இவற்றைக் கழுவித் தரையில் இறக்குகிறது. உடனே காமா அளவி ஏறும். பார்ப்பவருக்குப் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் ஈயம்-214இன் அரையாயுள் சுமார் 27 நிமிடம், பிஸ்மத்-214க்கு 20. மழை விட்டு மூன்று மணி நேரத்தில் எண் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். பக்கத்தில் மழைமானி இல்லையென்றால் இந்த ஏற்றத்தை உலையின் கசிவு என்று யாரும் நினைத்துவிடலாம். நிஜக் கசிவை மழை என்று தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு. எனக்கு அதுதான் பெரிய கவலை.

காமா அளவியின் அடிமட்ட எண்ணையும் ஊரறிந்து வாசிக்க வேண்டும். ஐ.நா. அறிவியல் குழுவின் 2000ஆம் ஆண்டு அறிக்கைப்படி மலேசிய மண்ணில் கிலோவுக்குத் தோரியம்-232 சராசரி 82 பெக்கரல். உலக இடைநிலை 30. வெட்டவெளியில் காமா அளவு மணிக்கு 92 நானோகிரே. உலகச் சராசரி 59. கருங்கல் மண்ணின் குணம் அது, உலை வருவதற்கு முன்பே இருந்தது.

கேமரன் மலைத் தானா ராத்தாவில் அணுவெடிப்புச் சோதனைத் தடை அமைப்பின் கதிரியக்க நிலையம் ஒன்று உண்டு. உலகெங்கும் அமையும் இத்தகைய 80 நிலையங்களில் ஒன்று. மணிக்குக் குறைந்தது 500 கன மீட்டர் காற்றை வடிதாள் வழியே இழுக்க வேண்டும் என்பது விதி. நாளுக்கு 12,000 கன மீட்டர். ஒரு நாள் சேகரிப்பு, ஒரு நாள் ரேடான் சிதையக் காத்திருப்பு, ஒரு நாள் அளவீடு. ஒவ்வொரு தாளுக்கும் மூன்று நாள் செலவு. அங்கிருந்து வியன்னாவுக்குக் கதிரியக்க எண்ணோடு வானிலை எண்ணும் சேர்ந்தே போகிறது. அதுபோலவே, புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீட்டை மணிக்கொரு தரம் பார்க்கும் கிள்ளான்வாசிக்கும் பாங்கியின் காமா எண்ணை மழை, காற்று எண்களோடு சேர்த்தே காட்டுங்கள்.