வீட்டு டிரெயினேஜ் லைன்: அடைப்பு மட்டும் எடுக்கலாமா, மொத்தமா மாத்தலாமா?

வீடு வாங்கும்போது இஎம்ஐ, ரெஜிஸ்ட்ரேஷன், இன்டீரியர் வரைக்கும் எக்செல்ல கணக்கு போடுறோம். பாத்ரூம்ல இருந்து வெளிய போற பைப்புக்கு அதுல ஒரு வரி கூட இருக்காது. நூம்பல், வேலப்பன்சாவடி, திருவேற்காடு பக்கம் பழைய தனி வீடு வாங்கினவங்களுக்குத்தான் முக்கியமா இந்தப் பதிவு. கூவம் ஓடுற பகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில நிலத்தடி நீர் மேல வந்தா செப்டிக் டேங்க் தண்ணிய உள்ள வாங்காது, திருப்பித் தள்ளும்.

அதனால முதல்ல எது கெட்டிருக்குன்னு தெரியணும். மழைக்காலத்துல மட்டும் பிரச்சனைன்னா டேங்க் பக்கம் பாருங்க. ஒரே ஒரு பாத்ரூம்ல மட்டும் நிக்குதுன்னா அந்தக் கிளை பைப். வெயில் காலத்துலயும் வீடு முழுக்க அடிக்கடி நிக்குதுன்னா மெயின் லைன். பழைய ஸ்டோன்வேர் பைப்பா இருந்தா ஜாயின்ட் வழியா மரத்தோட வேர் உள்ள போயிருக்கலாம். இல்லன்னா மண் இறங்கி சரிவு போயிருக்கும். 4 இஞ்ச் லைனுக்கு சுமாரா 60 அடிக்கு 1 அடி சரிவு வேணும். அது இல்லன்னா எத்தனை தடவை கம்பி விட்டாலும் திரும்ப அடைக்கும். கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. 12 அடி மாத்தினா போதும்னு தெரிஞ்சா 50 அடி தரையை உடைக்க வேண்டாமே!

இப்ப கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க கொட்டேஷனைப் போட்டுக்கோங்க. ஒரு தடவை அடைப்பு எடுக்க 4,000 ரூபாய், வருஷத்துக்கு நாலு தடவைன்னா 16,000. புது லைன் 90,000. அஞ்சரை வருஷத்துல சரியாகிடுது. அந்த வீட்டுல பத்து வருஷம் இருக்கப் போறீங்கன்னா மாத்துறதுதான் லாபம். ஆனா அதுக்கு முன்னாடி உங்க தெருவுக்கு பாதாள சாக்கடைத் திட்டம் வருதான்னு நகராட்சியில கேட்டுடுங்க. ரெண்டு தடவை தோண்டுறதுதான் பெரிய நஷ்டம்.

"மெஷின் வேண்டாம் சார், ஆளை உள்ள இறக்கி முடிச்சிடலாம், கம்மியா ஆகும்"னு யாராவது சொன்னா அங்கயே நிறுத்திடுங்க. பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை செப்டிக் டேங்க்லயோ சாக்கடையிலயோ இறக்குறது 2013 சட்டப்படி குற்றம். நேரடியா வேலை வெச்சவர் மட்டும் இல்ல, மறைமுகமா வெச்சவரும் மாட்டுவார். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். சாக்கடையில இறங்கி உயிர் போனா 30 லட்சம் இழப்பீடுன்னு 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்ல. லாரி, மெஷின் வேணும்னா 14420க்கு கூப்பிடுங்க.

காசு எங்கிருந்து? எமர்ஜென்சி ஃபண்ட் இருந்தா அதுல எடுங்க, இதுக்குத்தான் அது. எஃப்டி இருந்தா உடைக்காம அது மேல லோன் வாங்கலாம். பர்சனல் லோன் 14 சதவீதம், 12 மாசம்னா 90,000க்கு வட்டி சுமார் 7,000. கிரெடிட் கார்டுல தேய்ச்சிட்டு மினிமம் மட்டும் கட்டினா, மாசம் 3.5 சதவீதம்னு வெச்சாலும் ஜிஎஸ்டியோட முதல் மாச வட்டியே 3,717 ரூபாய்! இன்ஷூரன்ஸை நம்பாதீங்க. பாரத் கிரஹ ரக்ஷா பாலிசியில பைப் வெடிச்சு வீட்டுக்கு வர்ற சேதத்துக்கு கவர் இருக்கு. ஆனா பழசாகி தேஞ்சு போன பைப்பை மாத்தித் தர மாட்டாங்க.

வாடகை வீட்டுல இருக்கிறவங்க கேப்பீங்க, இது யார் செலவுன்னு. தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2017ல பட்டியலே இருக்கு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா, டிரெயின் சுத்தம் பண்றது குடியிருக்கிறவர் பொறுப்பு, பைப் மாத்துறது ஓனர் பொறுப்பு. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைப் படிச்சிடுங்க.

டேக்ஸ் பக்கம் சுருக்கமா. சொந்த வீட்டு ரிப்பேருக்கு வாங்கின கடன் வட்டிக்கு பழைய முறையில வருஷம் 30,000 வரைதான் கழிவு, அதுவும் மொத்த 2 லட்சத்துக்குள்ள. புது முறையில இது கிடையாது. வாடகைக்கு விட்ட வீடுன்னா 30 சதவீத ஸ்டாண்டர்ட் கழிவுக்குள்ளயே ரிப்பேர் அடங்கிடும், தனியா கேக்க முடியாது. அடைப்பு எடுத்த பில்லுக்கு வீடு விக்கும்போது மதிப்பில்ல. ஆனா புதுசா லைன் போட்டு சாக்கடை இணைப்பு வாங்கினா அதை மேம்பாட்டுச் செலவா காட்ட வாய்ப்பு இருக்கு. அதனால யூபிஐலயோ பேங்க்லயோ கொடுங்க, பில் வாங்குங்க. மண்ணு மூடுறதுக்கு முன்னாடி பைப் போற வழியையும் ஒரு ஃபோட்டோ எடுத்து பில்லோட சேர்த்து வெச்சுக்கோங்க.