வலையொலி தொடங்கப் போறீங்களா? மைக் வாங்கும் முன் அறையைக் கேளுங்க!

தலைப்பு ரெடி. கூடப் பேச நண்பரும் ரெடி. மைக் மட்டும்தான் பாக்கி.

கடையில் சில பத்து வெள்ளிக்கும் மைக் உண்டு, பல நூறு வெள்ளிக்கும் உண்டு. எதை வாங்குவது? அதை முடிவு செய்யவேண்டியது விலை அல்ல, உங்கள் அறை.

அறையை எப்படிச் சோதிப்பது?

ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் உடனே அடங்காமல் இழுக்கிறதா? அதுதான் எதிரொலி. அடுத்து ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். ஏர்கான், ஃபேன், கீழே போகும் பேருந்து, மேல்வீட்டு நாற்காலி... நம் காது இதையெல்லாம் கண்டுகொள்ளாது. மைக் அப்படி இல்லீங்க!

டைனமிக்கா, கண்டென்சரா?

☆ கண்டென்சர்: நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும். அமைதியான அறைக்கு அருமை. டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவருமாக இருக்கும் வீவக அறையில் எதிரொலியையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

☆ டைனமிக்: உணர்திறன் குறைவு. அருகில் பேசினால் குரல் முன்னால் நிற்கும், மற்ற சத்தம் பின்வாங்கும். பலர் வீட்டிலிருந்து பதிவு செய்ய இதுவே போதும். மேடைகளில் பார்க்கும் 'ஷ்யூர் எஸ்எம்58' இந்த வகைதான். 1966இல் அறிமுகமானது, இன்றும் விற்பனையில் இருக்கிறது.

யூடியூபில் அடிக்கடி தென்படும் 'எஸ்எம்7பி' வாங்கலாமா?

நல்ல மைக்தான். ஆனால் அதன் ஒலி மிக மெலிதாக வரும். அதைச் சுமார் 60 டெசிபல் உயர்த்தவேண்டும். விலை குறைந்த சில ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் அவ்வளவு உயர்த்தும்போது 'உஸ்ஸ்'னு இரைச்சலும் சேரும். மைக்கோடு செலவு முடிந்துவிடாது.

யூஎஸ்பியா, எக்ஸ்எல்ஆரா?

தனியாகப் பேசுகிறீர்களா? யூஎஸ்பி போதும், கணினியில் செருகினால் வேலை முடிந்தது. ஒரே அறையில் இருவர் பேசினால் ஆளுக்கொரு எக்ஸ்எல்ஆர் மைக், இரண்டையும் இணைக்க ஓர் இன்டர்ஃபேஸ் என்பதே வசதி. 'சாம்சன் கியூ2யூ' போன்ற சிலவற்றில் இரண்டு இணைப்பும் உண்டு. பின்னாளில் நிகழ்ச்சி வளர்ந்தாலும் அதே மைக் உதவும்.

வாங்கியாச்சு. அப்புறம்?

☆ வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குள் இடைவெளி இருக்கட்டும். தூரம் இரட்டிப்பானால் நேரடியாக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். எதிரொலி அவ்வளவாகக் குறையாது.

☆ 'அப்பா', 'பாப்பா' என்று சொல்லிப் பாருங்கள். 'ப' வரும்போது 'டப்'னு அடித்தால் மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். பாப் ஃபில்டரும் கைகொடுக்கும்.

☆ 'கார்டியாய்டு' வகை மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். அந்தப் பக்கத்தை ஃபேனுக்குக் காட்டுங்கள்.

பிறகு எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாமே?

ஃபேன் இரைச்சலை மென்பொருள் ஓரளவு குறைக்கும். எதிரொலி அப்படியில்லை. அதை அதிகமாக நீக்கப்போனால் குரலே தகரம்போல ஆகிவிடும். உங்கள் அறிமுக உரையை மறுபடி பதிவு செய்யலாம். பாட்டி மனம்விட்டுச் சொன்ன பழைய கதையை? அதே மாதிரி மறுபடி கிடைக்குமா?

அதனால் காசு செலவழிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கைத்தொலைபேசியில் வரவேற்பறையில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதன் முன்னால் நின்று இன்னொரு நிமிடம் பேசுங்கள். இரண்டையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

வித்தியாசம் தெரிகிறதா? அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவாகவில்லை!