மொட்டை மாடியில் ருசி. மூடிய அறையில் எமன்!

கரி அடுப்பில் 'ஹாட் டாக்' சுடுவோர் கவனத்துக்கு

விருத்தாசலம்-

பீங்கான் நகரமான விருத்தாசலத்துக்கு நெருப்பு புதுசு அல்ல. 1,200 டிகிரிக்கு மேல் கனலும் சூளையில் பொம்மையும், பியூஸ் கேரியரும் வெந்து வரும் ஊர் இது.

ஆனால் சூளையை யாரும் படுக்கை அறைக்குள் வைப்பது இல்லை. கரி அடுப்பை வைக்கிறார்கள்! அதனால் 2 உயிர் போயிருக்கிறது.

கொடைக்கானலில் நடந்தது

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். திருச்சியில் இருந்து நண்பர்கள் சிலர் கொடைக்கானலுக்கு சுற்றுலா போனார்கள். சின்னப்பள்ளம் பகுதியில் தங்கினார்கள். இரவில் கரி அடுப்பில் கோழிக்கறி சுட்டு சாப்பிட்டார்கள்.

அணையாத அடுப்பு அறைக்குள்ளேயே இருந்தது. அங்கே படுத்த 2 பேர் காலையில் பிணமாகக் கிடந்தனர். வேறு அறையில் தூங்கியவர்கள் தப்பினார்கள். கரிப்புகையில் மூச்சுத்திணறி இறந்திருக்கலாம் என்று போலீசார் கூறினர்.

வாசனை இல்லாத விஷம்

கரி கனலும்போது 'கார்பன் மோனாக்சைடு' என்ற விஷ வாயு கிளம்பும். நிறம் கிடையாது. வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில் தலைவலி. பிறகு கிறுகிறுப்பு, வாந்தி, மயக்கம். தூங்குகிறவனுக்கு இது எதுவுமே தெரியாது!

"புகைதான் இல்லையே, வெறும் கங்குதானே கெடக்கு. உள்ளே வச்சா கதகதப்பா இருக்கும்" என்று நினைப்பதுதான் தப்பு. புகை அடங்கிய கங்கும் விஷம் கக்கும்.

வெளியே வைத்து சுடுங்கள்

'ஹாட் டாக்' அமெரிக்க பண்டம். நீள பன்னுக்குள் சுட்ட சாசேஜ். அதன் மேல் காரமான கொத்துக்கறி. இதற்கு அங்கே 'சில்லி' என்று பெயர். டெட்ராய்ட் நகரில் பிழைக்கப்போன கிரேக்கர்கள் கடை போட்டு இதைப் பரப்பினார்கள்.

நம்ம ஊர் மிளகாயும் அமெரிக்க கண்டத்துச் சரக்குதான். போர்த்துகீசியர் கப்பலில் கொண்டு வந்தது!

கொத்துக்கறியை வெங்காயம், தக்காளி, பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள் போட்டு வேகவைத்து, தண்ணீர் சுண்டும் வரை வதக்கிக் கொள்ள வேண்டும்.

கரி மேல் வெள்ளை சாம்பல் பூத்த பிறகே சாசேஜை வைக்க வேண்டும். கொழுந்து விட்டு எரியும்போது வைத்தால் மேலே கருகும், உள்ளே வேகாது. இடுக்கியால் அடிக்கடி புரட்ட வேண்டும். குத்தினால் கொழுப்பு வழிந்து தீ 'குபீர்' என்று எழும்.

கோழி சாசேஜ் என்றால் நடுப்பகுதியில் 74 டிகிரி சூடு ஏற வேண்டும். அரைவேக்காடு வயிற்றுக்கு ஆகாது. பன்னை ஓரத்தில் லேசாக வாட்டி, சாசேஜை உள்ளே வைத்து, கொத்துக்கறி, பச்சை வெங்காயம், நறுக்கிய பச்சை மிளகாய் போட்டால் காரம் மண்டைக்கு ஏறும்!

பீங்கான் தட்டை மட்டும் கங்கு மேல் வைக்கக் கூடாது. திடீர் சூட்டில் விரிசல் விடும். இந்த ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியது இல்லை.

அணைத்தாச்சா?

சாப்பிட்ட கையோடு படுக்கப் போகக்கூடாது. வெளியிலேயே கரி மேல் கொஞ்சம் கொஞ்சமாக தண்ணீர் ஊற்றி, கிளறிவிட்டு, மறுபடியும் ஊற்ற வேண்டும். சாம்பலுக்கு அடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மழை வந்தாலும், குளிர் அடித்தாலும் அடுப்பை உள்ளே தூக்கக்கூடாது. "ஜன்னல்தான் தொறந்திருக்கே" என்பதும் உதவாது.

அடுப்பு இருந்த அறையில் யாருக்காவது தலை சுற்றினால் கதவைத் திறந்து, எல்லோரும் வெளியேற வேண்டும். மயங்கியவரை காற்றோட்டத்துக்கு தூக்கி வந்து, உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் உயிர் மிஞ்சாது.