அருகம்புல் காத்த ஆட்டம்

கனகம்மாசத்திரத்து வயல் வரப்புகளில் மிதிபடும் அருகம்புல்லுக்குக் கொல்கத்தாவில் பெரிய மரியாதை. அங்கே டாலிகஞ்சில் இருக்கும் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பின் மைதானத்தில் பச்சைப்பாய் விரித்திருப்பது அதுதான். கிளப் தொடங்கிய ஆண்டு 1829. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது.

கோல்ஃப் வளர்ந்த ஸ்காட்லாந்தில் ஆதி மைதானங்களை யாரும் திட்டம் போட்டு அமைக்கவில்லை. கடலோர மணல்மேடு, ஆடு மேய்ந்து மேய்ந்து புல் குட்டையாகவே இருக்கும், பெய்த மழையை மணல் குடித்துவிடும். செயின்ட் ஆண்ட்ரூஸ் அப்படிப்பட்ட இடம். ஒரு சுற்றுக்கு 22 குழிகள் என்றிருந்ததை அங்கே 1764இல் 18 ஆக்கினார்கள். இன்று உலகம் முழுக்க அதுவே கணக்கு.

வங்காளம் வண்டல் பூமி. அடைமழைக்குத் தண்ணீர் இறங்காது, தேங்கும். டம்டம்மில் ஆடத் தொடங்கிய கிளப், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாலிகஞ்சுக்கு வந்தபோது வழி ஒன்றுதான் இருந்தது: குளம் வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி ஆடுகளத்தை மேடாக்குவது. மழைநீர் குளத்துக்குப் போனது. அந்தக் குளங்களே ஆட்டக்காரர்களுக்குச் சோதனையாகவும் ஆயின. தப்பி அடித்த பந்து தண்ணீருக்குள்தான்.

அடுத்தது புல். அருகு கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு படரும். ஒட்ட வெட்டினாலும் துளிர்க்கும். வெயிலில் கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டு சாகாது. அமெரிக்காவில் இதற்குப் பெர்முடா புல் என்று பெயர். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டனில் விஞ்ஞானிகள் உருவாக்கிய இதன் கலப்பு ரகங்கள் வெப்ப நாட்டு மைதானங்கள் பலவற்றில் வளர்கின்றன. பிள்ளையாருக்குச் சாத்தும் புல்லின் உறவுக்காரப் புல் அது!

ராயல் பட்டம் 1911இல் வந்தது. ஆனால் பட்டத்தைவிட, பருவம் தவறாமல் புல் வெட்டி, மேடு திருத்தி, குளம் காத்த தொழிலாளர்களுக்கே இந்த மைதானம் அதிகம் கடன்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. பயிற்சியாளர் வைத்துப் படிக்க வசதியில்லை. பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றார். 2008இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார். 2016, 2017 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இந்தியன் ஓப்பன் கோப்பையும் அவருக்கே.